இரண்டு மஞ்சள் துண்டுகள்

அந்த மடம் மலை உச்சியில் இருந்தது. நாலைந்து பேர் தங்கலாம். அப்போது இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் குருவம்மா. மற்றவர் அவருடைய சீடர் வெள்ளிங்கிரி.

சீடருக்குக் குருவைவிட எட்டு வயது அதிகம். அதனால் குருவம்மா அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அவர் குருவை அம்மா என்பார்.

மார்கழி பிறந்ததும் மேகம் மடத்துக்குக் கீழே இறங்கிப் பள்ளத்தாக்கை மூடிக்கொண்டது. பாறையில் நின்று பார்த்தால், பஞ்சுப் பொதியை அவிழ்த்துக் கொட்டியது போல வெள்ளையாகத் தெரியும். மேலே நல்ல வெயில். கீழே பார்த்தாலும் கண் கூசும்.

அந்த வெள்ளைக்கு அடியில்தான் வெள்ளிங்கிரியின் ஊர் இருந்தது. செங்கல் சூளைகளும் லாரிப் பட்டறைகளும் நிறைந்த ஊர். அங்கே அவருடைய அக்கா பாவாயி தனியாக இருந்தாள். தாய் செத்தபோது நான்கு வயதுப் பிள்ளையாக இருந்தவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். இப்போது அவளுக்கு மூச்சிளைப்பு நோய். புகை ஆகாது. ஆனாலும் ஊரை விட்டு வரமாட்டாள். மடத்துக்குப் போகத் தம்பி தயங்கியபோது, நீ பக்கத்தில் இருந்தால் எனக்கென்ன இன்னொரு மூக்கா முளைக்கப் போகிறது என்று சொல்லி அனுப்பி வைத்தவளும் அவள்தான்.

ஒன்பது நாளாக மேகம் விலகவில்லை. வெள்ளிங்கிரிக்குச் சோறு இறங்கவில்லை. குழம்புக்கு மஞ்சள் கரைத்துக்கொண்டிருந்தவர், மேகம் கலைந்துவிட்டதா என்று எட்டிப் பார்க்க எழுந்த வேகத்தில் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். பக்கத்தில் இருந்த இரண்டு வெள்ளைத் துண்டுகளும் மஞ்சளாகிவிட்டன. பதறிப்போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். இரண்டும் ரத்தச் சிவப்பாயின.

குருவம்மா வந்து பார்த்துச் சிரித்துவிட்டார்.

"மஞ்சள் கறைக்கு யாராவது சோப்புப் போடுவாங்களா அண்ணா? அலசி விடுங்க. மிச்சத்தை வெயில் பார்த்துக்கும்."

அலசியதும் சிவப்பு போய் மறுபடி மஞ்சள் வந்தது. வெள்ளிங்கிரி துண்டைப் பிடித்தபடியே அழத் தொடங்கினார். இங்கே துண்டுக்குக்கூட வெயில் இருக்கிறது, அங்கே அக்காவுக்கு இல்லை என்றார். மூடி போட்ட சட்டிக்குள் கிடப்பது போல அவள் புகைக்குள் கிடப்பாள் என்றார். இன்றைக்கு வரும் பஸ்ஸில் போய் அவளைத் தூக்கிக்கொண்டு வருவதாகவும், அவள் வராவிட்டால் அங்கேயே தங்கிவிடுவதாகவும், அப்படியானால் மடத்துக்குத் திரும்பப் போவதில்லை என்றும் சொன்னார். மூட்டையை முதல் நாளே கட்டி வைத்திருந்தார்.

"போங்க. உங்களை யார் பிடிச்சா?" என்றார் குருவம்மா. "அடுத்த பஸ் வரைக்கும் பொறுங்க. துண்டு வெளுக்கட்டும்."

வாரத்தில் இரண்டு நாள்தான் மலைக்குப் பஸ் வரும். அன்றைக்கு வந்த பஸ்ஸின் கண்டக்டர் மாதேசனிடம் குருவம்மா ஒரு துண்டைக் கொடுத்தார். பாவாயியை நேரில் பார்த்து, அவள் வாசலில் இதை விரித்துப் போடச் சொல்ல வேண்டும். அடுத்த முறை வரும்போது எப்படி இருக்கிறதோ அப்படியே வாங்கி வர வேண்டும். அவள் என்ன சொல்கிறாளோ அதையும் கேட்டு வர வேண்டும்.

இன்னொரு துண்டை நான்காக மடித்தார். பாறை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மூங்கில் சட்டத்தில் படுக்கை வசமாக இழுத்துக் கட்டினார். துண்டுக்கு மேலே வானம். கீழே மேகம்.

மூன்றாம் நாள் காலையில் வெள்ளிங்கிரி அதை அவிழ்த்தார். மேல்பக்கம் வெளுத்திருந்தது. திருப்பிப் பார்த்தார். கீழ்ப்பக்கமும் வெளுத்திருந்தது.

யார் திருப்பிக் கட்டியது என்று கேட்டார். யாரும் தொடவில்லை என்றார் குருவம்மா. துணி மெல்லிசு, வெயில் ஊடுருவிப் போயிருக்கும் என்றார் வெள்ளிங்கிரி. பிரித்துப் பார்க்கச் சொன்னார் குருவம்மா. பிரித்தார். உள்மடிப்பு கரைத்து ஊற்றிய மஞ்சளாகவே இருந்தது.

வெள்ளிங்கிரி விளிம்புக்குப் போய்க் கீழே பார்த்தார். கண் கூசியது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

பஸ் வந்தது. மாதேசன் துண்டை எடுத்து நீட்டினான். கொஞ்சம் மங்கியிருந்தது. ஆனாலும் மஞ்சள்தான்.

"பாருங்கம்மா" என்றார் வெள்ளிங்கிரி. "ஒரு மஞ்சளை எடுக்கக்கூட அங்கே வெயில் இல்லை."

மாதேசன் அவரை ஒரு மாதிரி பார்த்தான். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்க மாட்டீர்களா, துண்டைப் பிடித்துக்கொண்டு அழுகிறீர்களே என்றான். பிறகு சொன்னான். அவன் போனபோது பாவாயி வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். வெயில் அடிக்கிற நாளில் உச்சிப்பொழுது ஆனால் கண் எரியும், நெஞ்சு காந்தும், அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடப்பாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குவாள். மேகம் மூடிய பிறகு படுத்துத் தூங்குகிறாளாம்.

"புகை இருக்கத்தான் இருக்குதாம்" என்றான் மாதேசன். "ஆனா கடிக்கலையாம். வெயில் ஏறினாத்தான் அதுக்குப் பல்லு முளைக்குமாம். இன்னும் நாலு நாள் மேகம் இருக்கட்டும்னு உங்களைச் சாமி கும்பிடச் சொன்னாங்க. அழுத மூஞ்சியோட வந்தா கதவைத் திறக்க மாட்டாங்களாம்."

மாதேசன் டீ குடிக்க அடுப்படிக்குப் போனான்.

வெள்ளிங்கிரி இரண்டு துண்டுகளையும் மடியில் விரித்து மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"மஞ்சளைத் தொடாத வெயில் புகையையும் தொடலீங்களாம்மா?"

"ஆமாங்கண்ணா."

"அங்கே இறங்காத வெயில் எங்கே போச்சு?"

குருவம்மா வெளுத்த துண்டைத் திருப்பி, மேகத்தைப் பார்த்திருந்த அதன் கீழ்ப்பக்கத்தை அவர் கையில் வைத்தார்.

வெள்ளிங்கிரி அதைத் தடவிப் பார்த்தார். அக்காவுக்கு மேகம் கெடுதல் செய்கிறது என்று பத்துப் பன்னிரண்டு நாளாக அதை வைதுகொண்டிருந்ததைச் சொன்னார். அவளுக்கு மூச்சும் தனக்கு வெளிச்சமும் அதிலிருந்தேதான் வந்திருக்கின்றன என்றார்.

வெளியே மாதேசன் விசில் ஊதினான். கட்டி வைத்த மூட்டை இன்னும் மூலையில் இருந்தது.

"நான் போகட்டுமா, இருக்கட்டுமாம்மா?"

"அக்காவைக் காப்பாத்தப் போறதா இருந்தா வேண்டாம்" என்றார் குருவம்மா. "அவங்களைக் கும்பிடப் போறதா இருந்தா, பஸ் இன்னும் கிளம்பலை."