முள்ளம்பன்றி காட்டிக்கொடுத்த கறுப்புக் கல்

ஓடைக்கரைக் காட்டில் சிலும்பன் என்ற முள்ளம்பன்றி, மனைவி குட்டிகளோடு ஒரு வளையில் வாழ்ந்துவந்தது. பக்கத்துப் புதரில் தடியன் என்ற காட்டுப்பன்றி இருந்தது.

மனிதர்கள் செம்பை உருக்கி ஈட்டி செய்யப் பழகிய காலம் அது. தடியனின் தோலில் பட்டால் போதும், செம்பு ஈட்டியின் முனை மடங்கிவிடும்! அதனால் மனிதர்கள் ஓடையைத் தாண்டி இந்தப் பக்கம் வருவதே இல்லை.

"தடியண்ணன் இருக்கிறவரைக்கும் நமக்கென்ன கவலை!" என்றது முயல். மானும் அதையே சொன்னது. சிலும்பனின் சொந்தக் குட்டிகளே, "தடியன் மாமா! தடியன் மாமா!" என்று பன்றியின் பின்னால் ஓடின.

சிலும்பனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

"என் முதுகில் இத்தனை முள் இருக்கே, எவனாவது ஒரு வார்த்தை சொன்னானா? சேற்றில் புரளுகிற பயலுக்கு இவ்வளவு பவுசா!"

"அவர் நல்லா இருந்தா உனக்கென்னய்யா? பேசாம படு!" என்று அதட்டியது மனைவி. கேட்டால்தானே அந்தப் புத்திகெட்டது!

சிலும்பன் வளை தோண்டும்போது வெளியே தள்ளிய கறுப்புக் கல் ஒன்று ஓடையில் உருண்டு போனது. மனிதர்கள் அதை எடுத்து உலைக்கு முட்டுக் கொடுத்தார்கள். அது உருகிச் செம்போடு கலந்துவிட்டது. அன்று வார்த்த கத்தி பாறையில் அடித்தும் வளையவில்லை! காரணம் தெரியாமல் உலைக்காரன் தலையைச் சொறிந்தான். இக்கரையில் இருந்து பார்த்த சிலும்பனுக்கு விஷயம் புரிந்தது. உடனே ஓடையை நீந்திப் போனது.

"உலைக்காரரே! அந்தக் கறுப்புக் கல்லைச் செம்போடு சேர்த்து உருக்குங்க. தடியன் தோல் கிழியும்!"

"அட, அதுதானா சங்கதி! உனக்கு என்ன வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். அவன் தொலைஞ்சா போதும்!"

"நிறையக் கல் வேணுமே?"

"என் வளையை வந்து பாருங்க. சுவர் முழுக்க அதுதான்!" என்று பீற்றிக்கொண்டது சிலும்பன்.

அப்படிப் பிறந்தது வெண்கலம். புது ஈட்டி பாய்ந்ததும் தடியன் ஒரு காதை இழந்தது. ரத்தம் சொட்டச் சொட்ட மலைக்கு அப்பால் ஓடியே போய்விட்டது. அன்றைக்குத்தான் சிலும்பன் வயிறாரச் சாப்பிட்டது.

மறுநாள் காலையில் வளையின் கூரை அதிர்ந்தது. வெண்கல மண்வெட்டிகள்! கறுப்புக் கல்லுக்காக மனிதர்கள் சுவரையே பெயர்த்தார்கள். சிலும்பன் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தது. வெட்டு விழுந்து முள்ளெல்லாம் முறிந்தது. மனைவி குட்டிகளை இழுத்துக்கொண்டு பின்வழியாக ஓடியது.

"அப்பா! தடியன் மாமாவைக் கூப்பிடுப்பா! அவர் வந்தா இவங்க ஓடிருவாங்க!" என்று குட்டிகள் கதறின.

"நான்தானே அவனை விரட்டினேன், பாவி!" என்று சிலும்பன் இடிந்த வீட்டைப் பார்த்து வாய்விட்டு அழுதது.

அடுத்தவன் பெருமை பொறுக்காமல் அவனை ஒழிக்க வழி காட்டுகிறவன், எதிரிக்குத் தன் வீட்டு வாசலையே காட்டிக்கொடுக்கிறான்.