பனிக்குள் ஒரு பெயர்

அமுதவல்லி அம்மாவின் குடில் ஓர் அணையின் நீர்த்தேக்கத்தை ஒட்டி இருந்தது. அவருக்கு வயது முப்பத்தெட்டு. அவரிடம் தியானம் கற்க வந்த தணிகாசலம் அவரைவிடப் பதினான்கு வயது மூத்தவர். இருந்தாலும் எல்லோரையும் போல அவரும் ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார்.

தணிகாசலம் பேச்சுப் பயிற்சி தருபவர். பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்கு ஒவ்வொரு சொல்லாக மீட்டுக் கொடுப்பார். இருபத்தாறு வருடம் ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை பார்த்தார். டாக்டர்கள் சீட்டு எழுதி அனுப்புவார்கள், நோயாளிகள் வருவார்கள். தன்னைப் பற்றி யாரிடமும் சொல்ல வேண்டிய தேவையே அவருக்கு இருந்ததில்லை. அங்கே பேச்சுப் பயிற்சிப் பிரிவை மூடிவிட்டபோது, டவுனில் மாடியறை ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தனியாக உட்கார்ந்தார். ஏழு மாதம் ஆயிற்று. வந்தவர்கள் மூன்று பேர்.

மார்கழியில் ஒரு மாலை அவர் குடிலுக்கு வந்தார். அம்மாவுக்கு நான்கு நாளாகத் தொண்டை கட்டியிருந்தது. அவர் வாயைத் திறக்கும் முன்பே தணிகாசலம் கையமர்த்தினார்.

“பேசாதீங்கம்மா. ரகசியம் பேசுற மாதிரியும் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல். நான் சொல்றதை மட்டும் கேளுங்க.”

அம்மா சிரித்துக்கொண்டே தலையசைத்தார்.

“போன வாரம் ஒருத்தர் வந்தார். அவங்க அப்பாவுக்குப் பேச்சு போய் ஆறு மாசம். வீடு என் அறையிலேர்ந்து ரெண்டு தெரு தள்ளி. ‘இங்க நீங்க இருக்கீங்கன்னே தெரியாதே சார்’ங்கறார். ஆரம்பத்துலயே வந்திருந்தா எவ்வளவோ மீட்டிருக்கலாம். இப்ப அந்தப் பெரியவருக்கு மூணே மூணு வார்த்தைதான் வருது.”

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னைப் பத்தி நான்தான் வெளியில சொல்லணும்னு எல்லாரும் சொல்றாங்க. மச்சான் பொண்ணு எனக்குக் கோட்டு மாட்டிவிட்டு ஃபோன்ல வீடியோ எடுத்தா. ‘வணக்கம், நான் உங்கள் தணிகாசலம், முன்னணி நிபுணர்’னு ஆரம்பிக்கணுமாம். பதினேழு தடவை எடுத்தோம். நெட்டுல போட்ட அன்னிக்கே அழிச்சிட்டேன். பார்த்தா யாரோ மாதிரி இருந்துச்சு.”

பிறகு மெல்லக் கேட்டார்.

“சொன்னா உடம்பு கூசுது. சொல்லலைன்னா அந்தப் பெரியவர் முகம் வந்து நிக்குது. கூசாம ஒருத்தன் தன் பேரைச் சொல்றது எப்படிம்மா?”

அம்மா எழுந்து போய் ஒரு பாயும் போர்வையும் கொண்டுவந்து வைத்தார். அன்றைக்கு அவ்வளவுதான்.

விடிந்தபோது வெளியே எதுவும் இல்லை. மலை இல்லை, மரம் இல்லை, தண்ணீர் இல்லை. வெள்ளையாகப் பனி மட்டும் இருந்தது. தணிகாசலம் படித்துறைக்கு இறங்கினார். நான்காவது படியோடு உலகம் முடிந்திருந்தது. எங்கோ ஒரு பறவை ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. தூக்கத்தின் மிச்சம் இன்னும் கலையாதது போல அவர் அங்கேயே நின்றார். அம்மாவும் வந்து பக்கத்தில் நின்றார்.

அப்போது தண்ணீரின் மேலிருந்து ஒரு குழந்தை அழும் சத்தம் வந்தது.

பிறகு ஓர் ஆணின் குரல். “கரையில யாராச்சும் இருக்கீங்களா?”

பரிசல் ஓட்டும் மாரப்பனின் குரல் அது. அக்கரை ஊரிலிருந்து, காய்ச்சல் கண்ட கைக்குழந்தையையும் அதன் தாயையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டிருந்தார். பாதி வழியில் பனி மூடிவிட்டது. முந்தின நாள்தான் மதகைத் திறந்திருந்தார்கள். மதகு இருக்கும் கீழ்க்கோடிக்குப் போனால் பரிசலைத் தண்ணீர் இழுத்துவிடும்.

அம்மா வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. தணிகாசலத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“ஹலோ,” என்றார் தணிகாசலம். பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுவது போல இருந்தது அது. பனி அதை விழுங்கிக்கொண்டது.

அவர் நெஞ்சை நிமிர்த்தி, குரலைக் கனமாக்கிக்கொண்டு, “ஓ...ஓ...” என்று முழங்கினார். அது மலையில் மோதித் திரும்பியது. இன்னொரு மலையிலும் மோதியது.

“நாலு பக்கமும் கேக்குதுங்களே!” மாரப்பனின் குரல் பதறியது. “யாருங்க அது? எங்கேர்ந்து கூப்பிடுறீங்க?”

பெயரைச் சொல்லத் தணிகாசலம் தயங்கினார். குழந்தை மறுபடியும் அழுதது. இந்த முறை இன்னும் தள்ளிக் கேட்டது.

“தணிகாசலம்!” என்றார். அவருடைய சாதாரணக் குரல். பயிற்சி அறையில் ‘தண்ணி, சொல்லுங்க, தண்ணி’ என்று சொல்லும் குரல். “தணிகாசலம். அம்மா குடில் படித்துறையில நிக்கிறேன்.”

“ஆ! இப்பத் தெரியுது. சொல்லிக்கிட்டே இருங்க!”

தணிகாசலத்துக்கு ஆர்வம் தாங்கவில்லை. சத்தம் வந்த பக்கமாகக் கரையோரமே ஓடினார், சொல்லிக்கொண்டே ஓடினார். புதருக்குப் பக்கத்தில் நின்று ஒருமுறை, பாறை மேல் ஏறி ஒருமுறை.

“ஐயா! ஓடாதீங்க!” மாரப்பன் கத்தினார். “நீங்க நகர நகர நான் சுத்துறேன். நின்ன இடத்துல நில்லுங்க!”

தணிகாசலம் திரும்பி வந்து நான்காவது படியில் நின்றார். அதற்குப் பிறகு நகரவில்லை.

“தணிகாசலம். அம்மா குடில் படித்துறை.”

வெள்ளைக்குள்ளிருந்து துடுப்பு தண்ணீரைத் தொடும் சத்தம். அப்புறம் எதுவுமில்லை. மறுபடியும் துடுப்பு.

“தணிகாசலம். அம்மா குடில் படித்துறை.”

எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. புதிதாக எதையும் சேர்க்கவில்லை. சொல்லச் சொல்ல அது அவருடைய பெயராக இல்லாமல் போயிற்று. அந்தப் படிக்கட்டின் பெயர் போல, அந்தத் தண்ணீரின் பெயர் போல ஆகிவிட்டது. யார் சொல்கிறார்கள் என்பதே மறந்து, வெறும் சத்தமாக அது வெள்ளைக்குள் போய்க்கொண்டிருந்தது. தன் கைகூட அவர் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. அதைப் பற்றி அவருக்குக் கவலை வரவில்லை.

முதலில் ஒரு நிழல் கறுத்தது. பிறகு அது வட்டமாயிற்று. பிறகு பரிசல் வந்து படியில் மெல்ல இடித்தது.

அந்தப் பெண் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். அவள் புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. அம்மா தன் போர்வையை எடுத்துக் குழந்தையைச் சுற்றிவிட்டார்.

“நீங்கதான் தணிகாசலமாங்க?” என்றாள் அந்தப் பெண்.

“ஆமாம்மா.”

“அந்தப் பேரைப் புடிச்சிக்கிட்டுத்தான் வந்தோம்.”

மாரப்பன் அவர்களை ரோட்டுவரை கூட்டிப்போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு வேன் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. படித்துறையில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். தணிகாசலம் ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் கரகரத்த குரலில் கேட்டார்.

“பேரை எத்தனை தடவை சொன்னீங்க?”

“எண்ணலைம்மா. நூறு இருக்கும். இருநூறு இருக்கும்.”

“கூசிச்சா?”

தணிகாசலம் தண்ணீரைப் பார்த்தார். பனி இன்னும் விலகவில்லை.

“அது வேறம்மா,” என்றார். “அவங்க நடுத்தண்ணியில இருந்தாங்க. கரை எந்தப் பக்கம்னு தெரியாம தவிச்சாங்க. அதனால சொன்னேன்.”

“பேச்சு போனவங்க எங்க இருக்காங்கன்னு நினைச்சீங்க?” என்றார் அம்மா.