நாலாவது பொட்டு

கோமளவல்லியின் ஆபீஸ் லேப்டாப்புக்கு அன்று நாலாவது ஆயுதபூஜைப் பொட்டு. பழைய மூன்றும் கறையாக ஒட்டியிருந்தன. லேப்டாப் ஆன் ஆவதற்குள் பாதி நாள் போய்விடும். வேலை முடியவில்லை என்று வசவு அவளுக்குத்தான். புதுசு கேட்டால் மேனேஜர் தணிகாசலம், "அடுத்த வருஷம் இதைவிட வேகமான ப்ராசஸர் வருதும்மா, பொறு" என்பார். மூன்று வருஷமாக இதே பதில்.

பூஜை முடிந்ததும், முதலாளி பார்த்திருக்க, தணிகாசலம் சுண்டலுக்குக் கை நீட்டினார். சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்த கோமளவல்லி பாத்திரத்தை மூடினாள்.

"அடுத்த வருஷம் இதைவிட நல்ல கடலை வருமாம் சார். பொறுத்துக்கலாம்."

ஆபீஸே சிரித்தது. மேனேஜர் தலைகுனிந்தார். முதலாளிக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"நியாயம்தாம்மா. புது லேப்டாப் இன்னைக்கே வாங்கிடலாம்" என்றவர், தன் சுண்டலை மென்றபடி யோசித்தார். "ஆமா, தையிலே இன்னும் புது மாடல் வருதாமே?"

கோமளவல்லி அஞ்சாவது பொட்டுக்கு இடம் பார்த்தாள்.