செலவு ஏன் கூடியது?

சுகாதார அமைச்சர் மங்கையர்க்கரசி, சடையப்ப சாமியின் பழைய சிஷ்யை. பதவி வந்த பிறகு மடத்துப் பக்கம் தலைகாட்டுவதே அபூர்வம். அன்று மத்தியானம் கார் வந்து நின்றபோதே, ஏதோ சிக்கல் என்று சாமிக்குத் தெரிந்துவிட்டது. சும்மா வருவார்களா என்ன!

சாமி கிணற்றடியில் வேட்டி துவைத்துக்கொண்டிருந்தார். "உட்காரு" என்றார். புடவை நனைவதைக்கூடப் பார்க்காமல் அந்த அம்மாள் அங்கேயே உட்கார்ந்தார்.

"நாளைக்குச் சட்டசபையில பட்ஜெட் விவாதம் சாமி. என் இலவச மருத்துவத் திட்டத்தை மூடச் சொல்றாங்க."

"யாரு?"

"எதிர்க்கட்சித் தலைவர். செலவு குறையும்னு சொல்லித்தானே கொண்டுவந்தீங்க, இப்போ கூடிப்போச்சேங்கறார்."

"பொல்லாத மனுஷனோ?"

"சேச்சே! எல்லாப் பணமும் இதுக்கே போனா பள்ளிக்கூடத்துக்கும் ரோட்டுக்கும் எங்கே போறதுங்கறார். நியாயமாத்தான் கேக்கறார். அதான் பயமா இருக்கு."

"நிஜமாவே கூடிடுச்சா?"

"கூடிடுச்சு. மருந்துக் கம்பெனி பில்லையெல்லாம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிட்டா, குறைஞ்ச மாதிரி காட்டலாம்னு அதிகாரிங்க சொல்றாங்க. மனசு ஒப்பல. அதான் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கலாம்னு..."

சாமி வேட்டியைப் பிழிந்தார். கடைசிச் சொட்டு வரை பிழிந்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"குறையும்னு எதை வச்சுச் சொன்னே?"

அமைச்சர் தலை குனிந்தார். "ஒண்ணும் வச்சு இல்ல சாமி. அப்படிச் சொல்லாட்டி ஒத்துக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டேன்."

"சரி. ஏன் கூடுச்சு?"

"முன்னெல்லாம் கிட்னி போச்சுன்னா, காசில்லாதவங்க வீட்டோட கிடந்து போய்ச் சேர்ந்துடுவாங்க. இப்போ போகல. டயாலிசிஸ் பண்ணிக்கிட்டு, மறுநாள் பஸ் ஏறி வேலைக்குப் போறாங்க. சர்க்கரைக்காரங்க மாசாமாசம் வந்து மருந்து வாங்கறாங்க. பழைய ஆளுங்களும் வர்றாங்க, புது ஆளுங்களும் வர்றாங்க. இனிமேலும் கூடிக்கிட்டேதான் போகும்." பாவம், அழுகை வந்துவிட்டது. "இதை நான் எங்கே கொண்டுபோய் மறைப்பேன் சாமி?"

சாமி சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. பெண்ணுக்குக் குழந்தை பிறந்த சேதி கேட்டவர் மாதிரி சிரித்தார்.

"அடி பைத்தியமே! இதையா மறைக்கணும்கறே?"

"செலவு குறையும்னு நான் சொன்னது பொய்னு ஆயிடுமே."

"பொய்தானே? எழுந்து நின்னு ஒத்துக்கோ. திட்டினா வாங்கிக்கோ."

"திட்டட்டும் சாமி. ஆனா அப்புறமும் ஏன் கூடுச்சுன்னு கேப்பாங்களே?"

சாமி வேட்டியின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தார். இரண்டு பேருமாக உதறிக் கொடியில் போட்டார்கள்.

"செத்திருக்க வேண்டியவங்க சாகல, அதனால கூடுச்சுன்னு சொல்லு. அதைக் கேட்ட பிறகும் மூட மனசு வந்தா, மூடட்டும்."