தென்கரையைத் தேர்ந்தெடுத்த தூக்கணாங்குருவிகள்

ஒரு காட்டு ஏரியின் வடகரைக்குத் தோகையன் என்ற மயில் தலைவன். தென்கரையைச் செம்மூக்கி என்ற கானாங்கோழி கவனித்துக்கொண்டது.

ஒருநாள் நாற்பது தூக்கணாங்குருவிகள் கூடு கட்ட இடம் தேடி வந்தன. பின்னல் வேலையில் அவற்றை மிஞ்ச ஆளில்லை. அவை விட்டுப்போகும் பழைய கூடுகளில் சில்லைக் குருவிகள் குடியேறும். குஞ்சுகளுக்கு இரையாகப் பிடிப்பதால் மரங்களை அரிக்கும் புழுக்களும் குறையும். அதனால் இரண்டு கரைகளும் அவற்றுக்காக ஏங்கின.

"என் கரையைப் பாருங்கள்! எவ்வளவு உயரமான மரங்கள்!" என்று தோகையை விரித்தது மயில்.

குருவிகளின் தலைவன் மஞ்சளன் பணிவாகக் கேட்டது: "நார் கிழிக்க நாணல் இருக்கிறதா?"

"அது... இல்லை."

"கூட்டுக்குள் பூச ஈரக் களிமண்?"

மயில் விரித்த தோகையை மடக்கிக்கொண்டது.

தென்கரையில் செம்மூக்கி அலட்டிக்கொள்ளவில்லை. "நாணல் இதோ, களிமண் அதோ. ஈச்ச மரங்கள் தண்ணீர்மேல் சாய்ந்திருக்கின்றன. பாம்பு ஏறுவது கடினம். ஏறினாலும் எங்கள் அணில்கள் கத்தி ஊரைக் கூட்டிவிடும்!"

"இங்கேயே கட்டுகிறோம்!" என்றது மஞ்சளன்.

அன்று முதல் மயிலுக்கு இரை இறங்கவில்லை. எதிர்க்கரையில் கூடுகள் உருவாக உருவாக அதன் வயிறு எரிந்தது. வடகரைச் சில்லைகளும் அங்கே போய் வேடிக்கை பார்த்தன.

"என் ஆட்டத்தைப் பார்த்த கூட்டம் இப்போது புல் பின்னுவதைப் பார்க்கிறதே!" என்று பொருமியது மயில்.

அது நேராக எருமைக் கூட்டத்திடம் போனது. "தென்கரை நாணல் ரொம்ப இளசு. ஒரு வாய் தின்றால் விடமாட்டீர்கள்!"

இரண்டே நாளில் நாணல் முழுவதும் போயிற்று. களிமண் சேறாய்க் கலங்கியது. கூடுகள் பாதியில் தொங்கின. செம்மூக்கி விம்மி விம்மி அழுதது.

மயில் ஓடோடி வந்தது. "அடடா, பாவம்! மஞ்சளா, என் கரைக்கு வந்துவிடு!"

"எதை வைத்துக் கட்டுவது?" என்றது மஞ்சளன். "இங்கே நாணல் எடுத்து, உன் கரையிலும் இருபது கூடு கட்டுவதாக இருந்தோம். நேற்றுத்தான் உன் மரங்களைப் பார்த்துவிட்டு வந்தோம்."

மயில் தன் கரையைத் திரும்பிப் பார்த்தது. "நாணல்... மறுபடி வளராதா?"

"வளரும். எங்கள் முட்டைகள் அதுவரை காத்திருக்காதே!"

அப்போது ஓர் எருமை தலையைத் தூக்கியது. "மயிலாரே! நீர் சொன்ன நாணல் தீர்ந்துவிட்டது. அடுத்து எங்கே மேயலாம்?"

எல்லாக் கண்களும் மயிலின் பக்கம் திரும்பின. அது தலையைத் தொங்கப் போட்டது.

தூக்கணாங்குருவிகள் வேறோர் ஏரியைத் தேடிப் பறந்தன. வடகரைச் சில்லைகளும் அவற்றின் பின்னாலேயே போய்விட்டன.

அயலாருக்கு வந்த நன்மையைப் பொறாமையால் கெடுப்பவர், தமக்கு வரவிருந்த நன்மையையும் சேர்த்தே விரட்டிவிடுகிறார்.