வேண்டாமென்று கழித்த இறக்கைகள்

"இடது பக்கம் தள்ளினா வலது பக்கம் போற மிஷினை என் தலையில கட்டிட்டான், அந்தப் படுபாவி."

லிங்கத்துரை பெட்டியைத் தார்ப்பாயின் மேல் வைத்தார். வைத்தார் என்பதைவிடப் போட்டார் என்பதே சரி.

ஜெபக்கனி நிமிரவில்லை. வாழைத்தோட்டங்களுக்கு ட்ரோனில் மருந்தடிப்பது அவள் தொழில். அந்த வேலை முடிந்ததும் தேரி என்கிற செம்மணல் மேட்டின் ஓரம் தார்ப்பாயை விரித்து உட்கார்ந்துவிடுவாள். பறக்கவிடத் தெரியாதவர்கள் அங்கே தேடி வருவார்கள். அவளுக்கு இருபத்தெட்டு வயது. வந்து நிற்கிறவருக்கு ஐம்பத்திரண்டு.

"எந்தப் பாவி, அண்ணாச்சி?"

"வித்தவன். பேரைச் சொன்னா என் வாய் நாறிப்போகும்."

"என்ன ஆச்சு?"

"என்னைப் பார்க்க வந்துச்சு. விலகிப் போகட்டும்னு இடது பக்கம் தள்ளினேன். நேரா வலது பக்கத் தென்னை மட்டையில போய்ச் செருகிக்கிச்சு. கெடுத்தவன் வந்து சரி பண்ணணும். நான் விடமாட்டேன்."

ஜெபக்கனி எழுந்து அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

"இடது கையைத் தூக்குங்க, அண்ணாச்சி."

தூக்கினார். அவளும் தன் இடது கையைத் தூக்கினாள்.

"நீ தப்பான பக்கம் தூக்குத, எம்மா."

"இது என் இடது கைதான்."

லிங்கத்துரை அவள் கையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். அவள் தூக்கிய கையோடு அப்படியே திரும்பி அவருக்கு முதுகைக் காட்டி நின்றாள். இப்போது இரண்டு கைகளும் ஒரே பக்கம் இருந்தன.

அவர் கையை இறக்கினார். கோபத்தை இறக்கவில்லை.

சைக்கிளில் பிளாஸ்டிக் குடங்களைக் கட்டி, மேட்டிலும் பள்ளத்திலும் மிதித்து விற்ற மனுஷன் அவர். யார் யாரிடமோ ஏமாந்து, ஏமாந்த ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசக் கற்றுக்கொண்டவர். ஒரு பழைய கேமராவை வாங்கி அந்த வட்டாரத்தில் எழுநூறு கல்யாணம் எடுத்துவிட்டார். கத்தரிக்காயிலிருந்து ஜெனரேட்டர் வரை, சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதாகச் சரித்திரம் இல்லை.

அந்த வருஷம் மூன்று கல்யாணம் கைவிட்டுப் போயிருந்தது. மூன்றையும் ட்ரோன் வைத்திருந்த ஒரு நாகர்கோவில் ஸ்டூடியோ கொண்டுபோனது. நாலாவதாக வந்த கல்யாணப்பெண் சிவசுந்தரி. அவள் அம்மா கல்யாணத்தை எடுத்ததும் லிங்கத்துரைதான்.

"மாமா, மேல இருந்து எடுக்கணும். முடியும்னா நீங்களே எடுங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க, நான் வருத்தப்பட மாட்டேன்" என்று சொல்லியிருந்தாள் அந்தப் பெண்.

வருத்தப்பட மாட்டேன் என்று அவள் சொன்னதுதான் அவரைக் குத்தியது. முடியும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள். இதுவும் போனால் ஸ்டூடியோவின் ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான்.

ஜெபக்கனி பெட்டியைத் திறந்து ட்ரோனைப் புரட்டிப் பார்த்தாள்.

"மோட்டார் நாலும் சுத்துது. கேமராவுக்கு ஒண்ணும் இல்லை. இறக்கைதான் நாலும் போச்சு."

"அப்போ மாட்டிக் கொடு."

"பழைய மாடல், அண்ணாச்சி. இதுக்குக் கடையில இப்ப இறக்கை கிடைக்காது. பெட்டியோட மாத்து இறக்கை வந்திருக்குமே?"

"வரலை."

பெட்டிக்குள் கறுப்பு ஸ்பாஞ்சு. ட்ரோன் உட்கார ஒரு குழி, ரிமோட்டுக்கு ஒரு குழி. அவை போக, இன்னும் நாலு குழிகள் காலியாக இருந்தன. அவள் விரல் அந்த நாலையும் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனது.

லிங்கத்துரை பனைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் சனியனைத் தள்ளு. புதுசு ஒண்ணு வாங்கிக்கிடுதேன். பழகுறவன் கைக்கு ஏத்ததா இருக்கணும், விலை கம்மியா இருக்கணும், படம் கண்ணாடி மாதிரி இருக்கணும். எதுன்னு சொல்லு, மிச்சத்தை நான் பேசிக்கிடுதேன்."

அவள் தன் ஜீப்பிலிருந்து மூன்று ட்ரோன்களைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தாள்.

முதலாவது பெரியது. மடக்கினால் செங்கல் அளவு இருக்கும். கேமராவைப் பார்த்ததுமே லிங்கத்துரையின் கண் விரிந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"தலை உயரத்துக்குத் தூக்குங்க."

தூக்கினார்.

"கையை விடுங்க."

"என்னது?"

"கீழே போடுங்க."

"உனக்கென்ன கிறுக்கா?"

"என் சாமான்தானே. நான்தானே சொல்லுதேன்."

அவர் விரல் விடவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தது. பச்சைப்பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி அதைத் தார்ப்பாயில் வைத்தார்.

இரண்டாவது அதைவிடச் சின்னது. தூக்கினார். கை நீட்டியபடியே நின்றார். மூக்கு நுனியில் வியர்வை வந்து சொட்டியது. அதையும் வைத்துவிட்டார்.

மூன்றாவது உள்ளங்கை அகலம். இறக்கைகளைச் சுற்றி பிளாஸ்டிக் கூண்டு. கேமரா என்ற பெயரில் ஒரு கடுகு.

"இது என்ன, சின்னப்பிள்ளை விளையாட்டுச் சாமான்" என்று சொல்லிக்கொண்டே, அவள் வாய் திறப்பதற்குள் போட்டுவிட்டார்.

அது மணலில் விழுந்து ஒரு தரம் புரண்டது. ஒரு இறக்கை தனியாகக் கழன்று கிடந்தது.

ஜெபக்கனி சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய பிலிம் டப்பாவை எடுத்தாள். அந்த டப்பாவை லிங்கத்துரைக்குத் தெரியும். அந்தக் காலத்தில் அவர் கையில் ஆயிரம் டப்பா புழங்கியிருக்கிறது. அதற்குள்ளிருந்து ஒரு புது இறக்கையை எடுத்து, கண்மூடித் திறப்பதற்குள் மாட்டினாள்.

மற்ற இரண்டையும் ஜீப்புக்கு எடுத்துப் போனாள்.

"ஏம்மா, எது நல்லதுன்னு சொல்லவே இல்லையே?"

"நீங்கதான் எடுத்துட்டீங்களே."

லிங்கத்துரை மணலில் இருந்த அந்தக் குட்டியைப் பார்த்தார்.

"இதுல கல்யாணம் எடுக்க முடியுமா?"

"முடியாது."

"பிறகு என்னத்துக்கு?"

அவள் ஒரு பெரிய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து அவர் காதருகே ஆட்டினாள். கலகலவென்றது. உள்ளே உடைந்த இறக்கைகள் விளிம்பு வரை கிடந்தன.

"யாரு உடைச்சது?"

"நான்."

"அம்புட்டுமா?"

"இது ரெண்டாவது டின்."

அவர் டின்னின் ஆழத்தைக் கண்ணால் அளந்தார். அவர் எதையாவது அளந்தால் மனசுக்குள் பேரம் நடக்கிறது என்று அர்த்தம்.

"நான் பழகி முடிக்க எத்தனை நாளாகும்?"

"டப்பா நிறையிற வரைக்கும்."

"கொஞ்சம் சின்ன டப்பாவாப் பார்த்துக் கொடேன்."

அப்போதுதான் அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். பிலிம் டப்பாவிலிருந்த புது இறக்கைகளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, காலி டப்பாவை அவரிடம் கொடுத்தாள்.

முதல் நாள் ஆறு உடைந்தது. காற்றைத் திட்டினார். இரண்டாம் நாள் நாலு. மணலைத் திட்டினார். மூன்றாம் நாள் திட்டுவதற்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காமல், திரும்பவும் காற்றிடமே வந்தார்.

ஜெபக்கனி அடுத்த இறக்கையை எடுத்துக் கொடுப்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

"எம்மா, நீ டீச்சர்தானே? எதாவது சொல்லேன்."

"அந்த வேலிமுள்ளு கிட்ட போகாதீங்க."

"அதான் போயிட்டுதே."

"அப்போ எடுத்துட்டு வாங்க."

தன்னைவிட்டு விலகிப் போகும்போது அது சொன்னபடி கேட்டது. திரும்பி அவரைப் பார்த்து வரும்போதுதான் அடம்பிடித்தது. இடதென்றால் வலது. வலதென்றால் இடது. அது திரும்பும்போதெல்லாம் அவரும் கூடவே உடம்பைத் திருப்பிப் பார்த்தார். கழுத்துதான் சுளுக்கியது.

ஒன்பதாம் நாள் அது அவரை நோக்கி வந்தது. ரிமோட்டில் செருகியிருந்த கைபேசியில், கடுகுக் கேமரா அனுப்பிய மங்கலான படம் ஓடியது. செம்மணலில் ஒரு ஆள் நிற்கிறான். தொந்தி. கசங்கிய சட்டை. ஊரில் இருக்கிற கடுகடுப்பெல்லாம் அவன் மூஞ்சியில்.

யாருடா இவன், என்று தோன்றியது லிங்கத்துரைக்கு. இவன் மேல் மோதாமல் போக வேண்டும்.

இடதா வலதா என்று யோசிக்கவில்லை. அந்த ஆளை விட்டு விலகினார். அவ்வளவுதான். அது அவர் தோளருகே ரீங்காரித்துக்கொண்டு தாண்டிப் போய், பனையைச் சுற்றி, திரும்பி வந்து, தார்ப்பாயின் நடுவில் உட்கார்ந்தது.

"டீச்சர், பார்த்தியா?"

ஜெபக்கனி மருந்து டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். "எதை?" என்றாள்.

அவர் திரும்பவும் செய்து காட்டினார். ஏழு தடவை செய்து காட்டினார். ஏழாவது தடவை ஒரு இறக்கை உடைந்தது. அதற்கு அவர் யாரையும் திட்டவில்லை.

பதினோராம் நாள் டப்பா நிறைந்தது. மூடியை அழுத்தி மூடி, அவள் கையில் கொடுத்தார். கல்யாணத்துக்கு எட்டு நாள் இருந்தது.

"ஒண்ணு கேட்கணும். நான் எத்தனை உடைச்சாலும் அடுத்தது உன் கையில இருக்கே, எப்படி?"

"கடைக்குப் போனா முதல்ல இறக்கையைத்தான் எடுத்து வைப்பேன், அண்ணாச்சி. கூண்டு, பேட்டரி அடுத்தது. அதுக்கெல்லாம் போக மிச்சத்துல எந்த ட்ரோன் வருமோ, அதுதான் என் ட்ரோன்."

லிங்கத்துரை திரும்பிப் பார்த்தார்.

பனைமரத்தடியில் அவருடைய பெட்டி பதினோரு நாளாகக் கிடந்தது. போய்த் திறந்தார். நாலு காலிக் குழிகள் அவரைப் பார்த்தன.

ட்ரோன் வாங்கிய மதுரைக் கடை ஞாபகம் வந்தது. மேசை மேல் எல்லாம் பரப்பியிருந்தது. தன் குரல்தான் முதலில் கேட்டது.

இது என்ன?

மாத்து இறக்கை, அண்ணே.

நான் என்ன கோழியா வளர்க்கப்போறேன்? இதைக் கழி.

இது கூண்டுண்ணே. புதுசாப் பழகுறவங்களுக்கு...

யாருக்கு? எனக்கா? எழுநூறு கல்யாணம் எடுத்தவன்கிட்ட சொல்லுத. கழி.

பேட்டரி ரெண்டு கூடுதலா இருக்கு.

ரெண்டு எதுக்கு, வறுத்துத் திங்கவா? கழி. ரெண்டையும் கழி.

அந்த மனுஷன் ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தான். வைத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தைப் பார்த்தான். அவர் கவனித்தது விலை இறங்குவதை மட்டும். பெட்டியோடு படியிறங்கும்போது, கோட்டையைப் பிடித்தவன் நடை நடந்து வந்திருந்தார்.

கைபேசியை எடுத்து அந்த நம்பரைப் போட்டார்.

"அண்ணே, நீங்களா? அது அப்படியே அலமாரியில இருக்கு" என்றான் அவன், இவர் கேட்பதற்கு முன்பே. "பெட்டி இல்லாம அதை யாரு வாங்குவா? என்னைக்காவது கூப்பிடுவீங்கன்னு எடுத்து வச்சிருந்தேன்."

விலை சொன்னான்.

லிங்கத்துரையின் வாய் பழக்கத்தில் தானாகத் திறந்தது.

தூரத்தில் ஜெபக்கனி தார்ப்பாயை உதறிக்கொண்டிருந்தாள். செம்மணல் காற்றில் பறந்தது.

வாய் மூடிக்கொண்டது.

"சரி. காலையில வந்து எடுத்துக்கிடுதேன்" என்றார். கொஞ்சம் தயங்கி, "நீ அன்னைக்குச் சொன்னே. நான்தான் காதுல வாங்கலை" என்றார். மறுமுனையில் அவன் சிரித்தான்.

மறுநாள் மதியம் தார்ப்பாயின் மேல் பெட்டியை வைத்தார். இந்தத் தடவை வைத்தார்தான். இறக்கைப் பொட்டலம் அதன் குழியில் உட்கார்ந்தது. கூண்டு அதன் குழியில். பேட்டரிகள் இரண்டும் அதனதன் இடத்தில். காலியாக ஒரு இடம் இல்லை.

"டீச்சர், இன்னும் ஏழு நாள் இருக்கு. மாட்டிக் கொடுத்துரு. இப்பவே ஒரு சுத்துப் பறக்கவிட்டுப் பார்க்கணும்."

ஜெபக்கனி பெட்டியைத் தொடவில்லை. ஒரு சின்னத் திருப்புளியை எடுத்து, கைப்பிடி அவர் பக்கம் இருக்கும்படி நீட்டினாள்.

"கெடுத்தவன் வந்து சரி பண்ணணும்னு முதல் நாளே சொன்னீங்கல்லா, அண்ணாச்சி?"

"சொன்னேன்."

"ஆளைக் கையோட கூட்டிட்டு வந்துட்டீங்க. இனியாவது உக்காந்து சரி பண்ணச் சொல்லுங்க."