எறும்புக்குக் கலந்த பாகு

ஆற்றங்கரை மடத்தில் குரு வடிவம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் அம்பலவாணருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. ஆனாலும் அவர் "அம்மா" என்றுதான் அழைப்பார். அம்மை அவரை "ஐயா" என்பார். இதில் இருவருக்கும் ஒரு குழப்பமும் இருந்ததில்லை.

மடத்துக்கு வருமுன் அம்பலவாணர் உரக்கடை வைத்திருந்தார். பூச்சிமருந்து விற்ற பாவத்தைக் கழுவத்தான் வந்தேன் என்பார். கழுவவும் செய்தார். எலுமிச்சைத் தோல் ஊறிய தண்ணீரில் தரையைக் கழுவினார். சோடா உப்பைக் கரைத்து ஊற்றி அடைத்த சாக்கடையைக் கழுவினார். வேப்பெண்ணெயில் கற்பூரம் போட்டு விளக்கேற்றினால் கொசு அண்டாது என்று கண்டவரிடமெல்லாம் சொன்னார். சுற்று வட்டாரத்துப் பெண்கள் ஞானம் கேட்க அம்மையிடமும், கரப்பானை ஒழிக்க அம்பலவாணரிடமும் வருவார்கள். கரப்பான் கூட்டம்தான் எப்போதும் பெரிது.

அந்த வாரம் குருபூஜைக்காக உக்கிராண அறையில் வெல்லம் வந்து இறங்கியது. உடனே எறும்புகளுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அம்பலவாணர் மஞ்சள்தூளால் கோடு போட்டார். சுற்றிக்கொண்டு வந்தன. பெருங்காயம் வைத்தார். அதையும் சுற்றிக்கொண்டு வந்தன. வினிகர் தொட்டுத் துடைத்தார். ஒரு பொழுது காணாமல் போயிருந்துவிட்டு, சுவரின் வேறு விரிசல் வழியாக வந்தன.

காலையில் அவர் ஒரு கிண்ணத்தில் எதையோ கலக்கிக்கொண்டிருந்தபோது அம்மை வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அரிசி மில் நாகரத்தினம் டவுன்ல புது மடம் கட்டித் தர்றேங்கிறார். என்னைத் தலைமை ஏத்துக்கச் சொல்றார். பதில் கேட்டு சாயங்காலம் கார் அனுப்புறாராம். நான் போகலாமா?"

அவர் குரல் அடக்கமாகத்தான் இருந்தது. கண்கள் மட்டும் ஏற்கெனவே காரில் ஏறிவிட்டன.

அம்மை கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

"இது என்ன?"

"எறும்புக்கு மருந்து. நான் கேட்டது..."

"அது கிடக்கட்டும். இதை எப்படிச் செய்றீங்க?"

தொழிலைப் பற்றிக் கேட்டால் அம்பலவாணருக்கு எல்லாம் மறந்துவிடும்.

"சர்க்கரைப் பாகும்மா. அதுல கொஞ்சம் போரிக் பவுடர். கேரம் போர்டுல தூவுவாங்களே, அதேதான். பஞ்சுல நனைச்சு அது போற வழியில வெச்சுடணும். நேத்து வெச்சது வேலைக்கு ஆகலை."

"ஏன்?"

"கடைக்காரன் கை பாருங்க. கொசுறு போட்டே பழக்கம். பவுடர் கூடிப்போச்சு. தின்ன எறும்பு அங்கேயே செத்துது. மத்ததெல்லாம் பாதையை மாத்திடுச்சு."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு ஒரே ஒரு சிட்டிகை. தின்னா ஒண்ணும் ஆகாது. தெம்பாத்தான் நடக்கும். வயித்துல ரொப்பிக்கிட்டுப் புத்துக்குப் போகும்."

"போய்?"

"அங்கே இருக்கிறதுங்களுக்கெல்லாம் ஊட்டும். குஞ்சுக்கு, ராணிக்கு, எல்லாத்துக்கும். ரெண்டு மூணு நாள்ல புத்தே காலி. நாம வெளிய நின்னு ஒரு எறும்பையும் தொட வேண்டாம்." அவருக்கே தன் சாமர்த்தியம் பிடித்திருந்தது. சிரித்தார்.

"பவுடர் இருக்கிறது அதுக்குத் தெரியாதா?"

"எங்கே தெரியும்? இவ்வளவு பாகுல இத்தனூண்டு. இனிப்பு மட்டும்தான் தெரியும்."

அம்மை தரையில் உட்கார்ந்துகொண்டார். அம்பலவாணரும் உட்கார்ந்தார்.

"நேத்து டவுனுக்குப் போனப்ப நாகரத்தினம் என்னெல்லாம் சொன்னார்?"

அம்பலவாணருக்குக் கூச்சம் வந்தது. ஆனால் ஒரு சொல்கூட மறந்திருக்கவில்லை. "என் பேச்சைக் கேட்டா மனசு குளிருதுன்னார். இந்த மடம் இவ்வளவு சுத்தமா இருக்கிறதே என்னாலதான்னார். டவுன் ஜனங்களுக்கு என்னை மாதிரி ஒரு ஆள்தான் வேணும்னார். என் அனுபவத்துக்கு நான் எங்கேயோ இருக்க வேண்டியவன்னார்."

"அவ்வளவுதானா?"

"நிறையச் சொன்னார்."

"சொல்லுங்க."

அவர் கிண்ணத்தைக் கலக்கினார். பவுடர் எல்லாம் எப்போதோ கரைந்துவிட்டிருந்தது.

"போற போக்குல ஒண்ணு சொன்னார். பெரிசா ஒண்ணுமில்லை. 'வயசுல சின்னவங்க, பெரியவங்களை வேலைக்காரங்க மாதிரி வெச்சிருக்காங்களே'ன்னார். விளையாட்டாத்தான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை. சிரிச்சேன்."

வெளியே தோட்டத்தில் ஏற்றம் இறைக்கும் சத்தம் இல்லை. வழக்கமாக அந்த நேரத்தில் தோட்டக்கார நல்லதம்பி பாடிக்கொண்டே தண்ணீர் இறைப்பார்.

"நல்லதம்பி இன்னைக்குப் பூஜைக்கு வரலை," என்றார் அம்மை. "'நாங்கெல்லாம் இங்கே வேலைக்காரங்கதானே'ன்னு யாருகிட்டயோ சொன்னாராம். சமையக்கட்டுல அஞ்சுகம் என் முகத்தைப் பாக்காம இலையைப் போட்டுட்டுப் போறா. பத்து வருஷமா ரெண்டு பேரும் இப்படி இருந்ததில்லை."

அம்பலவாணரின் கை நின்றது.

நேற்று டவுனிலிருந்து திரும்பியதும் நேராகத் தோட்டத்துக்குப் போனதும், நாகரத்தினம் சொன்னதையெல்லாம் நல்லதம்பியிடம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னதும் அவருக்கு நினைவு வந்தது. பிறகு அஞ்சுகத்திடம் காபி வாங்கிக் குடித்துக்கொண்டே அவளுக்கும் ஒருமுறை சொல்லியிருந்தார். அப்போது அவர் மனம் நிறைந்திருந்தது. நடையில்கூடத் தெம்பு இருந்தது.

அவருக்குத் தன் மீதே அருவருப்பாக இருந்தது. இனி டவுன் மடத்தைப் பற்றிக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

"அம்மா," என்றார். "புத்துக்குள்ளே கொண்டுபோய் ஊட்டினதைத் திரும்ப எடுக்க முடியாதும்மா. நான் இந்தத் தொழில்ல இருந்தவன். எனக்குத் தெரியும். எறும்பால அது முடியவே முடியாது."

வடிவம்மை எழுந்து, அவர் போவதற்காகத் தோட்டத்துப் பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"ஆமாம் ஐயா. எறும்பாலதான் முடியாது."